பறங்கிப்புண்

நோய்க்குப் பெயரிடுவோர் பெரும்பாலும் அந்நோயைக் கண்டு அஞ்சுவோரே ஆவர். அஞ்சுவோர் தம் துன்பத்திற்கு அயலானைக் காரணங்காட்டுதல் உலகியல்பு. இதற்கு ஸிபிலிஸ் என்னும் நோயின் வரலாற்றினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. 1495-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரில் தங்கியிருந்த காலத்தில், வீரரிடையே அதற்கு முன் அறியப்படாத கொடுநோய் ஒன்று தோன்றிற்று. உடலெங்கும் கொப்புளங்கள், எலும்பைக் குடையும் நோவு, பலர்க்கு விரைவில் மரணம். படை கலைந்து வீரர் தத்தம் ஊர் திரும்பவே, நோயும் அவரோடு சென்று ஐரோப்பா முழுதும் பரவிற்று. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருஷ்யர் போலந்து நோய் என்றனர். துருக்கியர் கிறித்தவர் நோய் என்றே பெயரிட்டுவிட்டனர். தன் ஊர்ப் பெயரை அதற்கிட்ட நாடு ஒன்றேனும் இல்லை.

நம் நாடும் இவ்வழக்கிற்கு விலக்கன்று. 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்திறங்கினார். அதன் பின்னரே இந்நோய் இங்குக் காணப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய 'பாவப்பிரகாசம்' என்னும் வடமொழி வைத்திய நூல் இதனைப் 'பிரங்க ரோகம்' என்று குறிக்கின்றது. தமிழில் இது பறங்கிப்புண் ஆயிற்று. பாரசீகரும் அராபியரும் ஐரோப்பியரைச் சுட்டிய 'பரங்கி' என்னும் சொல்லே இரண்டிற்கும் மூலம். தமிழ் பயில்வார்க்கு இங்கே சிறிது இன்பமும் உண்டு. பறங்கிமலை என்கிறோம்; பறங்கிக்காய் என்கிறோம்; இந்நோய்க்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த ஒரு கொடியின் கிழங்கையும், சீனத்தை மறந்து, பறங்கிப்பட்டை என்றே சொல்லி வருகிறோம். நோய், மருந்து, கறிகாய், குன்று ஆகிய நான்கையும் ஒரே சொல்லால் முத்திரையிட்ட மொழி வேறு உளதோ, அறியேன்.

'ஸிபிலிஸ்' என்னும் சொல்லோ ஒரு புலவர் படைத்தது. வெரோனா நகரத்து மருத்துவரும் கவிஞருமான பிரகஸ்டோரோ என்பார் 1530-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு காவியம் வெளியிட்டார். தெய்வத்தை இகழ்ந்தமையால் இந்நோயைத் தண்டனையாகப் பெற்ற ஓர் ஆயனின் கதை அதில் வருகின்றது. அவ்வாயனின் பெயர் ஸிபிலஸ். ஒரு நாட்டையும் பழிக்காத பெயர் என்பதனால் அஃது எல்லா மொழிகளிலும் நிலைபெற்றது. ஆயினும் அக்கதையின் கருத்தும் உடன் ஒட்டிக்கொண்டது. இந்நோய் பெற்றவன் ஏதோ குற்றஞ் செய்தவன், அதன் பயனை அவன் நுகர்கின்றான் என்பதே அது. நோயின் கிருமியைக் காட்டிலும் இக்கருத்தே மிகுதியான பேரைக் கொன்றிருக்கின்றது என்று யான் கருதுவேன். அவ்வாறு கருதுதற்குரிய காரணங்கள் கீழே வரும்.

கல்லூரி இதழொன்றில் இப்பொருளை எழுதலாமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். மாணவர் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இல்லறம் புகுவர், சிலர் ஆசிரியராவர், சிலர் ஊர்ப்பெரியோராய்ப் பிறர்க்கு அறிவுரை கூறும் நிலை பெறுவர். அறியாமையைக் கற்பென்று எண்ணியிருந்த தலைமுறைகள் அடைந்த துன்பத்தை நோக்குங்கால், நாவடக்கத்தினும் தெளிந்த அறிவே இங்கு வேண்டற்பாலது என்பது விளங்கும்.

இந்நோயின் கிருமி மிக நுண்ணியது, திருகாணி போன்று சுருண்ட வடிவினது, நிறமற்றது. 1905-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஷௌடின் என்னும் விலங்கியலாரும் ஹாப்மன் என்னும் தோல் மருத்துவரும் அதனைக் கண்டறிந்தனர். வெளிறிய நிறம்பற்றியே 'பாலிடம்' என்று அதற்கு அடைமொழி கொடுத்தனர். காற்றும் வறட்சியும் பட்டால் அஃது விரைவில் மடியும். ஆதலின் ஒரே பாத்திரத்தில் உண்பதனாலோ, ஒரே இருக்கையில் அமர்வதனாலோ இந்நோய் பற்றுவதில்லை. நோயுற்றார் உடலிலுள்ள ஈரமான புண் பிறர் உடலின் மெல்லிய தோலோடு உரசுங்கால், பெரும்பாலும் உடற்கூட்டத்தின்போது, அக்கிருமி உள்ளே நுழைகின்றது. கருவுற்ற தாயினிடமிருந்து வயிற்றிலுள்ள சிசுவிற்கும், சோதிக்கப்படாத குருதியை ஏற்றுவதால் பிறர்க்கும் செல்லும்.

நுழைந்த பின் ஏறக்குறைய மூன்று வாரங்கள் யாதொரு குறியும் இராது. சிலரிடம் பத்து நாட்களிலும், சிலரிடம் மூன்று திங்கள் சென்றும் குறி தோன்றும். கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் எழும். நம் பழைய வைத்தியர் கொறுக்கு என்று குறித்த வகையைச் சார்ந்தது அஃது. அதன் விளிம்பு தடித்து, தொட்டால் உறுதியாயிருக்கும்; அடி தூய்மையாயிருக்கும்; நோவு இராது. நோவில்லாமையே அதன் வஞ்சகம். ஆண்களாயின் கண்ணுக்குத் தெரியும்; பெண்களாயின் உள்ளே மறைந்திருந்து தெரியாமலே போதலும் உண்டு. வாயிலும் மலவாயிலும் வருதலும் உண்டு. அரையில் நெறி கட்டும், அதிலும் நோவிராது. மூன்று முதல் ஆறு வாரங்களில் அப்புண், மருந்திட்டாலும் இடாவிடினும், தானே ஆறிவிடும்.

சில வாரங்களோ திங்களோ கழித்து இரண்டாம் நிலை வரும். இப்பொழுது கிருமி குருதி வழியே உடல் முழுதும் பரவியிருக்கும். மார்பிலும் முதுகிலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றும்; பெரும்பாலும் அரிப்பு இராது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புநிறப் புள்ளிகள் காணப்படுதல் இந்நோயின் சிறப்பான அடையாளம். வாயினுள் வெண்படலம், அந்துப்பூச்சி அரித்த துணிபோல் ஆங்காங்கே மயிர் உதிர்தல், இளஞ்சுரம், உடலெங்கும் நெறிகட்டல், மறைவிடங்களில் தட்டையான ஈரப் பருக்கள் இவையும் வரலாம். மற்றத் தோல் நோய்களின் வேடத்தையெல்லாம் இந்நோய் புனையவல்லது. சொரியாசிஸ் போல் வரும்; அம்மைபோல் வரும்; மருந்து ஒவ்வாமை போலும் வரும். தோல் மருத்துவமும் பால்வினை நோய் மருத்துவமும் ஒரே துறையாய் வளர்ந்ததற்கு இதுவே முதற்காரணம். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் தோல், பால்வினை நோய், தொழுநோய் ஆகிய மூன்றும் ஒரே பட்டமேற்படிப்பின் கீழ் கற்பிக்கப்படுகின்றன. தோலில் ஒரு தடிப்பைக் காணும் நல்ல மருத்துவர் கையையும் விரித்துக் காட்டச் சொல்லுவார். செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டச் சொல்லுவார்.

இத்தடிப்புகளும் தாமே மறையும். பின்னர் நோய் உறங்கும். அவ்வுறக்கம் ஓராண்டும் நீடிக்கலாம், முப்பதாண்டும் நீடிக்கலாம். சிகிச்சை பெறாதாருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்க்கு அது மீண்டும் விழித்தெழும். எலும்பையும் தோலையும் அரிக்கும் கட்டிகளாகவும், இதயத்தினின்று புறப்படும் பெருங்குழாயின் வீக்கமாகவும், கால் தள்ளாடும் நரம்பு நோயாகவும், சித்தப் பிரமையாகவும் அது வரும். கண்ணையும் காதையும் மூளையையும் தாக்குவதற்கு அது முதுமைவரை காத்திருப்பதும் இல்லை, எந்நிலையிலும் தாக்கலாம்.

இங்கே வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதற்புண் தானே ஆறுகின்றது. இரண்டாம் நிலைத் தடிப்பும் தானே மறைகின்றது. ஆகவே அவ்விரு காலங்களிலும் எவர் எதனைக் கொடுத்தாலும் அது குணப்படுத்தியதாகவே தோன்றும். கடையில் வாங்கிய களிம்பு, சந்தையில் விற்ற சூரணம், சுவரில் விளம்பரம் எழுதிய இரகசிய வைத்தியரின் லேகியம் ஆகிய எல்லாவற்றிற்கும் நோயாளியே உண்மையான நற்சான்று அளிப்பான். அவன் பொய்யுரைப்பதில்லை. புண் ஆறியது மெய். நோய் ஆறவில்லை என்பதும் மெய். இருபதாண்டு கழிந்து அவன் இதயம் வீங்குங்கால் அக்களிம்பை எவர் நினைப்பர்? போலி வைத்தியத்திற்கு இதனினும் வாய்ப்பான நோயைக் காண்டல் அரிது.

கற்ற மருத்துவரும் இந்நோயிடம் ஏமாந்ததுண்டு. லண்டனில் புகழோடு விளங்கிய ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர், வெட்டை நோயும் பறங்கிப்புண்ணும் ஒன்றா வேறா என்றறிய, 1767-ஆம் ஆண்டில் வெட்டை நோயாளி ஒருவரின் சீழை எடுத்து ஓர் உடலில் ஏற்றிப் பார்த்தார். அவ்வுடல் அவருடையதே என்பாரும் உளர். இரு நோய்க்குறிகளும் தோன்றின. ஆகவே இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டினார். சீழ் தந்தவர்க்கு இரு நோயும் சேர்ந்திருந்தன என்பதே உண்மை. அவர் புகழின் வலிமையால் அப்பிழை எழுபதாண்டு நிலைத்தது. 1838-ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவர் ரிக்கோர் அதனைக் களைந்தார். ஒரு பால்வினை நோய் கண்டவிடத்து மற்றவற்றையும் தேடிப் பார்த்தல் வேண்டும் என்று இன்று மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கும் விதிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நானூறாண்டுக் காலம் பாதரசமே இதற்கு மருந்தாயிருந்தது. களிம்பாகத் தேய்த்தனர், புகையாகப் பிடிக்கச் செய்தனர், உள்ளுக்கும் கொடுத்தனர். நம் நாட்டு வைத்தியரும் இரசக் கூட்டுக்களை ஆண்டனர். வாயில் எச்சில் ஆறாய்ப் பெருகுதலை நோய் வெளியேறுவதன் அடையாளமென்று மகிழ்ந்தனர். உண்மையில் அது நஞ்சேறியதன் அடையாளம். பற்கள் ஆடி உதிர்ந்தன, ஈறு அழுகிற்று, கை நடுங்கிற்று. நோயால் இறந்தவர் எத்தனைபேர், மருந்தால் இறந்தவர் எத்தனைபேர் என்று பிரித்தறிய வழியில்லை.

மாற்றம் 1909-ஆம் ஆண்டில் வந்தது. ஜெர்மனியில் பால் எர்லிக் என்பார், உடலுக்குக் கேடின்றிக் கிருமியை மட்டும் கொல்லும் இரசாயனம் ஒன்று இருத்தல் கூடும் என்னும் நம்பிக்கையோடு, பாஷாணக் கூட்டுக்களை ஒவ்வொன்றாய்ச் சோதித்து வந்தார். அவரிடம் பணியாற்ற வந்த ஜப்பானியர் ஸஹாச்சிரோ ஹாட்டா, முன்னர்ப் பயனில்லையென்று ஒதுக்கப்பட்ட 606-ஆம் எண்ணுடைய கூட்டினை நோயுற்ற முயல்களிடம் மீண்டும் சோதித்து, அது கிருமியைக் கொல்லுவதைக் கண்டார். 1910-ஆம் ஆண்டில் அது 'சால்வர்சான்' என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. இக்காலத்து இரசாயன மருத்துவம் முழுமைக்கும் அதுவே தொடக்கம். எனினும் அதனைப் பல வாரங்கள் ஊசி வழியே ஏற்றுதல் வேண்டும், தீங்குகளும் பல. நோய் மூளையைப் பற்றியவர்க்கு அதுவும் உதவவில்லை. அவர்க்கு வியன்னா மருத்துவர் வாக்னர் யாவுரெக் 1917-ஆம் ஆண்டில் மலேரியாச் சுரத்தை வேண்டுமென்றே வரவழைத்து, அச்சுரத்தின் வெப்பத்தால் கிருமியைத் தாக்கி, பின் கொயினாவால் மலேரியாவை அடக்கினார். ஒரு நோயை ஏவி மற்றொரு நோயைத் துரத்திய அம்முறைக்கு 1927-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மஹோனியும் அவர் துணைவரும் நால்வர்க்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்த பின்னர், பாதரசமும் பாஷாணமும் மலேரியாவும் யாவும் பழங்கதை ஆயின.

இனி இன்று ஒரு நோயாளி மருத்துவரிடம் சென்றால் நிகழ்வதென்ன என்பதைச் சொல்லுவேன். முதற்கண் தனி அறை. கதவு மூடியிருத்தல் வேண்டும். கேட்கும் குரல் தணிந்திருத்தல் வேண்டும். புண் எப்பொழுது வந்தது, நோவு உண்டா, அண்மையில் யாரோடு உறவு நிகழ்ந்தது, அவர்க்கு ஏதேனும் உண்டா, முன்னர் ஏதேனும் மருந்து உட்கொண்டதுண்டா, பெனிசிலின் ஒவ்வாமை உண்டா, பெண்ணாயின் கருவுற்றிருக்கின்றாளா என்பன வினாக்கள். மருத்துவரின் முகத்தில் சுளிப்பு ஒன்று தோன்றினால் போதும். அடுத்த விடை பொய்யாகிவிடும். பின்னர் மறைவிடத்தோடு வாய், உள்ளங்கை, உள்ளங்கால், தலைமயிர், நெறிகட்டிகள் எல்லாவற்றையும் பார்ப்பர்.

சோதனைகள் இருவகை. ஒன்று வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். என்பன போன்றது, நோய் கிளர்ந்திருக்கும் அளவை எண்ணால் காட்டும். குருதியின் தெளிநீரை இரட்டை இரட்டையாய் நீர்த்துக்கொண்டே போய், எத்துணை நீர்த்த பின்னும் எதிர்வினை தோன்றுகின்றது என்று காண்பர். நான்கு மடங்கு, பதினாறு மடங்கு, முப்பத்திரண்டு மடங்கு என்று விடை வரும். மலேரியா, தொழுநோய், சில மூட்டு நோய்கள், கருப்பக் காலம் இவற்றில் இச்சோதனை பொய்யாகவும் 'உண்டு' என்று சொல்லும். ஆகவே இரண்டாம் வகையான, அக்கிருமிக்கே உரிய சோதனையால் அதனை உறுதிப்படுத்துவர். அவ்விரண்டாம் சோதனை ஒருமுறை 'உண்டு' என்றால், நோய் நீங்கிய பின்னும் பெரும்பாலார்க்கு வாழ்நாள் முழுதும் 'உண்டு' என்றே சொல்லும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வார்க்கு நடத்தப்படும் மருத்துவச் சோதனையில் இந்நோய்க்கான சோதனையும் உண்டு. முன்னரே குணமான ஒருவர் தம் சிகிச்சைச் சீட்டைப் பாதுகாத்து வைத்திருத்தல் எத்துணைப் பயனுடையது என்பது இதனால் விளங்கும். முதற்புண் தோன்றிய புதிதில் இரு சோதனைகளும் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். அப்பொழுது மருத்துவர் கண்ணையே நம்பி மருந்து தருவார். நோயாளியின் இசைவு பெற்று எச்.ஐ.வி. சோதனையும் செய்வர்; திறந்த புண் அந்நச்சுயிர்க்கு எளிய வாயிலாதலின்.

மருந்து யாது? பென்சத்தீன் பெனிசிலின் என்னும் ஊசி. ஓராண்டிற்கு உட்பட்ட நோயாயின் இருபத்துநான்கு இலட்சம் அலகு, ஒரே வேளை. பாதி இடப்புட்டத்திலும் பாதி வலப்புட்டத்திலும் தசையினுள் செலுத்துவர். ஓராண்டைக் கடந்ததாயினும், காலம் அறியப்படாததாயினும், அதே அளவை வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். மூளையையோ கண்ணையோ பற்றியிருப்பின் மருத்துவமனையில் தங்கி, வேறுவகைப் பெனிசிலினைக் குருதிக்குழாய் வழியே பத்து முதல் பதினான்கு நாள் ஏற்றுதல் வேண்டும். இவ்வளவே. மன்னரையும் படைத்தலைவரையும் நானூறாண்டு அலைக்கழித்த நோய்க்கு விடை, மிக மலிவான ஓர் ஊசி. எண்பதாண்டு ஆகியும் இக்கிருமி பெனிசிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது மருத்துவ உலகின் வியப்புக்களுள் ஒன்று. வெட்டை நோயின் கிருமியோ ஒவ்வொரு மருந்தாய் வென்று வருகின்றது.

பெனிசிலின் ஒவ்வாதார்க்கு டாக்சிசைக்ளின் மாத்திரை நாளைக்கு இருவேளையாகப் பதினான்கு நாள் தரலாம். கருவுற்ற பெண்ணுக்கு அது ஆகாது. அவள் ஒவ்வாமை உடையவளாயினும், மருத்துவமனையில் வைத்து மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாய்ப் பழக்கி, பெனிசிலினையே கொடுப்பர். வயிற்றிலுள்ள சிசுவைக் காக்கவல்ல மருந்து அஃதொன்றே ஆதலின். ஊசியிட்ட இருபத்துநான்கு மணிக்குள் சிலர்க்குச் சுரமும் நடுக்கமும் தலைநோவும் வரும். தடிப்பு மிகுந்து தோன்றும். மருந்து கெடுதல் செய்துவிட்டதென்று அஞ்சி நோயாளி திரும்ப வாராமல் போதல் உண்டு. மடியும் கிருமிகளின் கூறுகள் குருதியில் கலப்பதால் வரும் எதிர்வினை அது, ஒருநாளில் தணியும். முன்னரே சொல்லி அனுப்புதல் மருத்துவர் கடமை. யாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் என்னும் இரு தோல் மருத்துவர் பெயரால் அவ்வெதிர்வினை வழங்குகின்றது. அவருள் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் யூதர். பிராங்க்பர்ட் நகரில் பெரும்புகழ் பெற்றவர். முதிர்ந்த வயதில் நாத்ஸிகளால் தெரேசியன்ஸ்டாட் முகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டு 1942-ஆம் ஆண்டில் அங்கே மடிந்தார். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ நோயாளரின் சீட்டில் எழுதப்படும் பெயர் இது. எழுதுவோர் சிலராவது அவரை நினைக்கட்டும்.

ஊசியோடு சிகிச்சை முடிவதில்லை. நோயாளியின் துணைவரும் அழைக்கப்படுதல் வேண்டும். முதல்நிலை நோயுடையாரோடு கடந்த தொண்ணூறு நாட்களுக்குள் உறவு கொண்டவர், சோதனை 'இல்லை' என்றாலும் மருந்து பெறுதல் முறை. இதுவே இச்சிகிச்சையில் மிகக் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகின்றது. கணவன் தன் மனைவியை அழைத்துவருதல் வேண்டும். என்ன சொல்லி அழைப்பான்? சொல்லாமல் விடின், அவனுக்கு ஆறிய நோய் அவளிடமிருந்து மீண்டும் அவனுக்கே வரும். ஒருமுறை வந்து குணமாதல் காப்பாகாது. இதற்கெனத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அறிவுரையாளர் உளர், எச்.ஐ.வி. சோதனைக்குரிய நம்பிக்கை மையங்களும் உள. பின்னர் ஆறு திங்களிலும் பன்னிரண்டு திங்களிலும் குருதியை மீண்டும் சோதித்து, அவ்வெண் நான்கில் ஒரு பங்காகவேனும் இறங்கியுள்ளதா என்று பார்ப்பர். முப்பத்திரண்டு எட்டாக வேண்டும். இறங்காவிடின் மீண்டும் ஆராய்வர்.

நோய் இவ்வாறு எளிதில் தீருமாயின், அது ஏன் இன்னும் ஒழியவில்லை? இங்கேதான் அவ்வாயன் கதை மீண்டும் வருகின்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய எண்பது இலட்சம் பேர்க்கு இந்நோய் புதிதாய்ப் பற்றிற்று. நோயாளியைக் குற்றவாளியாகக் கருதிய முறைகள் யாண்டும் தோற்றே வந்திருக்கின்றன. படைவீரரைக் காக்க வேண்டி ஆங்கில அரசு 1864-ஆம் ஆண்டில் தன் நாட்டிலும், 1868-ஆம் ஆண்டில் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றிற்று. அதன்படி பொதுமகளிர் பதிவு செய்யப்பட்டனர், வலிந்து சோதிக்கப்பட்டனர், நோயுண்டெனின் பூட்டிய மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். சென்னை மாகாணத்திலும் அத்தகைய மருத்துவமனைகள் இருந்தன. அவரிடம் சென்ற வீரரை அச்சட்டம் தீண்டவில்லை. பெண்கள் ஓடி ஒளிந்தனர், நோய் குறையவில்லை. ஜோசபின் பட்லர் என்னும் அம்மையார், குருவானவர் ஒருவரின் மனைவியார், நல்ல குடும்பத்துப் பெண்கள் வாயெடுக்கக் கூசும் இப்பொருளை மேடைதோறும் பேசி, கல்லெறியும் வசையும் பெற்றுப் போராடினார். இங்கிலாந்தில் 1886-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1888-ஆம் ஆண்டிலும் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1932-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையினர் அலபாமா மாகாணத்து டஸ்கிகியில் ஏறக்குறைய அறுநூறு கறுப்பின ஆடவரைச் சேர்த்தனர். அவருள் 399 பேர் இந்நோயுடையார். அவர்க்கு நோயின் பெயர் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் சொல்லப்பட்டது. சிகிச்சை பெறாத நோய் எவ்வாறு முற்றுகின்றது என்று பார்ப்பதே உண்மையான நோக்கம். பெனிசிலின் வந்த பின்னரும் அவர்க்கு அது கொடுக்கப்படவில்லை. முதுகுத்தண்டு நீரைச் சோதனைக்காக எடுத்ததையும் சிகிச்சை என்று சொல்லி ஏமாற்றினர். 1972-ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தும்வரை நாற்பதாண்டு இது நடந்தது. 1997-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைவர் கிளிண்டன், உயிரோடிருந்த சிலரை அழைத்து நாட்டின் பெயரால் மன்னிப்பு வேண்டினார். செய்தவர் மூடரல்லர்; பட்டம் பெற்ற மருத்துவர். ஏழையாயும் கறுப்பராயும் இருப்பாரைத் தம்மோடொத்த மனிதராக அவர் எண்ணவில்லை, அவ்வளவே.

சென்னையில் 1986-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை இவ்விரண்டிற்கும் பக்கத்தில் வைத்து நோக்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்னும் மேற்படிப்பு மாணவியார், பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் குருதி பெற்று, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதனைச் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் அங்ஙனம் கண்டறியப்பட்டது. அந்நோய் இங்கு வாராது, அது மேனாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் வருவது என்று பலர் உறுதியாய்ச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பறங்கிப்புண் என்று பெயரிட்ட மனமே நானூறாண்டு கழித்தும் பேசிற்று என்க. சுனிதி அம்மையார் பின்னர்த் தம் வாழ்நாளை, 2015-இல் மறையும்வரை, அந்நோயாளர்க்கே செலவிட்டார். 2017-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஒருவருடைய இசைவின்றி எச்.ஐ.வி. சோதனை செய்தலையும், நோயுண்மையை வெளியிடுதலையும் விலக்குகின்றது.

சிசுக்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. கருவிலே இந்நோய் புகுந்தால் குழந்தை இறந்து பிறத்தல் கூடும். பிறந்து சில வாரங்களில் மூக்கடைப்பும் தோல் தடிப்பும் கொண்டு மெலிதல் கூடும். ஒன்றும் தோன்றாமல் வளர்ந்து, பின்னர்ப் பிறைபோல் குழிந்த முன்பல்லும், மங்கிய கண்ணும், செவிட்டுத்தன்மையும் பெறுதல் கூடும். இம்மூன்று குறிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைச் சேர்த்துக் கண்ட ஹட்சின்சன் என்னும் லண்டன் மருத்துவர் பெயரால் வழங்குகின்றன. 2022-இல் உலகில் ஏறக்குறைய ஏழு இலட்சம் சிசுக்கள் கருவிலேயே இந்நோயால் தாக்கப்பட்டன என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. அச்சிசுக்கள் எக்குற்றம் செய்தன?

இவற்றைத் தடுக்கப் பெரிய மருத்துவமனை வேண்டுவதில்லை. கருவுற்ற பெண் முதன்முறை மருத்துவச் சாலைக்கு வரும் நாளிலேயே விரல் நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்துச் சோதித்தல் வேண்டும். உண்டெனின், அன்றே ஊசியிடுதல் வேண்டும். மகப்பேற்றிற்கு முப்பது நாளேனும் முன்னர் ஊசி இடப்பட்டிருந்தால் சிசு பெரும்பாலும் தப்பிவிடும். காலந்தாழ்த்துப் பிறந்த குழந்தைக்குப் பத்து நாள் பெனிசிலின் ஏற்றுவர். தாயிடமிருந்து சேய்க்கு இந்நோயும் எச்.ஐ.வி.யும் செல்வதை நிறுத்திவிட்ட முதல் நாடாக 2015-ஆம் ஆண்டில் கியூபாவை உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. 2019-ஆம் ஆண்டில் இலங்கையும் அவ்வறிவிப்பைப் பெற்றது. செல்வத்தால் அவை முந்தவில்லை. இலங்கையில் கருவுற்ற பெண்ணின் வீட்டிற்கே குடும்பநல மருத்துவமாது செல்லும் வழக்கம் நெடுங்காலமாய் உண்டு. அவள் கையேட்டில் எடை, குருதியழுத்தம் இவற்றோடு இச்சோதனையும் ஒன்றாக எழுதப்படுகின்றது. எல்லார்க்கும் உரியதாகவே அச்சோதனை நடைபெறுதலின், யாரும் யாரையும் சுட்டிக் காட்டுவதற்கு அங்கு இடமில்லை.